நாப்சாக் கணவாய்க்கு இரண்டு மூட்டை

என் இடது மணிக்கட்டு வீங்கியது ஒரு செப்டம்பர் மாதப் பிற்பகல் மூன்றரை மணிக்கு. அதற்கான காரணம் முந்தின இரவே தொடங்கிவிட்டது. இன்னும் தோண்டினால், இரண்டு வாரம் முன்னால் வீட்டு ஹாலில் சமையலறைத் தராசை நடுவில் வைத்து, சுற்றிலும் சாமான்களைப் பரப்பி உட்கார்ந்தபோதே அது ஆரம்பமாகிவிட்டது. இதெல்லாம் புரிய எனக்கு இரண்டு வருடமும் இன்னொரு பயணமும் தேவைப்பட்டன. ஒரே பாதை, அதே இரண்டு பேர், அதே மாதம், ஆனால் இரண்டு விதமான மூட்டை. அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிப் பார்க்கிறேன்.

ஆட்கள்: நானும் என் மச்சினனும். முதல் தடவை எனக்கு 44 வயது, எடை 68 கிலோ. அவனுக்கு 29 வயது, தினமும் ஜிம். இடம் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடர். நாங்கள் இருவரும் வேலைக்காக அந்த மாநிலத்தில் இருப்பவர்கள். பாதை போட்ட இடங்களில் மூன்று நாள், நான்கு நாள் என்று ஏற்கெனவே நடந்த அனுபவம் உண்டு. அந்த அனுபவம்தான் எங்களைக் கெடுத்தது.

பாதை எங்கே முடிகிறது

பிஷப் என்ற சிறு ஊரிலிருந்து மலைமேல் ஒரு மணி நேரத்துக்குள் காரில் போனால் சவுத் லேக். அங்கே சுமார் 9,800 அடி. அங்கிருந்து நல்ல பாதை ஒன்று பிஷப் கணவாய்க்கு ஏறுகிறது, உயரம் 11,972 அடி. கணவாயைத் தாண்டினால் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா. கீழே டூசி பேசின் என்ற மலைநடுப் பள்ளம்: கிரானைட் தரையில் கண்ணாடித் துண்டுகள் போல ஏரிகள். பெரும்பாலானவர்கள் அங்கே கூடாரம் போட்டு, மீன் பிடித்து, திரும்பிவிடுவார்கள்.

நாங்கள் போட்ட திட்டம் ஒரு வட்டம். டூசி பேசினில் பாதையை விட்டு விலகி நாப்சாக் கணவாய் (11,673 அடி), அதைத் தாண்டி பாரெட் ஏரிகள், அப்புறம் பாட்லக் கணவாய் (12,120 அடி), பெயரில்லாமல் உயரத்தை மட்டும் பெயராகக் கொண்ட 11,672 என்ற ஏரி, அதற்கப்பால் சர்க் கணவாய், இறங்கினால் கீழ்ப் பாலிசேட் ஏரி. சியரா நெடுக ஓடும் நீண்ட நடைபாதையான ஜான் மியூர் பாதை அந்த ஏரியில் வந்து சேரும். அதன் பிறகு பாதையிலேயே இறங்கி, லெகான்ட் பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றி, மறுபடி டூசி பேசினுக்கு ஏறி வெளியே. ஐந்து இரவு, ஆறு நாள். நடுவில் இரண்டரை நாள் பாதையே கிடையாது.

நாப்சாக் என்றாலே முதுகுப்பை என்றுதான் அர்த்தம். முதுகுப்பை என்று பெயர் வைத்த கணவாயில் முதுகுப்பையாலேயே விழுந்தேன் என்று என் மனைவி இன்றும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிக்கிறாள்.

பாதையில்லாத இடம் என்றதும் புதரை வெட்டிக்கொண்டு போவது என்று நினைக்க வேண்டாம். அந்த உயரத்தில் மரமே அபூர்வம். இருப்பது பாறைக்குவியல். உரல் அளவில் தொடங்கி ஆட்டோ அளவு வரை உள்ள கிரானைட் பாறைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். பாதையில் மணிக்கு மூன்று கிலோமீட்டர் போகிறவர்கள் இதில் ஒரு கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம். நடப்பது என்பதே அங்கே பொருத்தமான சொல் இல்லை. ஏறுகிறோம், தாண்டுகிறோம், உட்கார்ந்து வழுக்கி இறங்குகிறோம், கையை ஊன்றிப் பக்கவாட்டில் நகர்கிறோம். காலைப் போலவே கையும் வேலை செய்யும். இந்த ஒரு வேறுபாட்டை மூட்டை கட்டும்போது நாங்கள் யோசிக்கவே இல்லை.

முதல் மூட்டை

என் பையின் எடை காரை விட்டு இறங்கியபோது 21.3 கிலோ. சாமான் 13.8, சாப்பாடு 5, தண்ணீர் இரண்டரை லிட்டர். என் உடல் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இது அதிகம் என்று தெரியாமல் இல்லை. பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் நிறுத்து, கம்ப்யூட்டரில் அட்டவணையே வைத்திருந்தேன். ஆனால் அந்த அட்டவணையில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே இருந்தது கிராம் மட்டும்தான்.

பெரிய பை 2.3 கிலோ. குளிர் தாங்க 1.4 கிலோ ஸ்லீப்பிங் பேக். கேமராவும் இரண்டு லென்ஸும் 1.2 கிலோ. மடக்கு நாற்காலி அரைக் கிலோ, அதைப் பற்றி இப்போது பேச வெட்கமாக இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு சட்டை என்ற கணக்கில் துணி. மூடியோடு, வாணலியோடு வந்த பாத்திர செட். அப்புறம் கட்டாயமாக எடுத்துப் போக வேண்டிய கரடி டப்பா, அதாவது கரடியால் திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா. டூசி, பாலிசேட் பேசின்களில் உணவைப் பூங்கா அனுமதித்த கரடி டப்பாவில்தான் வைக்க வேண்டும் என்பது சட்டம். மரக்கிளையில் கட்டித் தொங்கவிடலாம் என்றால் மரம் வேண்டுமே. நாங்கள் வாங்கியது 11.5 லிட்டர் கொள்ளளவுள்ள, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டப்பா. காலியாகவே 1.16 கிலோ. கலிபோர்னியாவில் இன்று இருப்பது கருங்கரடி மட்டும். கிரிஸ்லி என்ற பழுப்புக் கரடி 1920-களிலேயே அழிந்துபோய், மாநிலக் கொடியில் மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. ஆனால் கருங்கரடிக்கு மூக்கு போதும். எங்கள் சாம்பார் பொடியில் இருந்த பெருங்காயத்துக்கு அதன் மூக்கு கூடத் தேவையில்லை.

டப்பா உள்ளே போனதும் பை நிரம்பிவிட்டது. மிச்சமெல்லாம் வெளியே. படுப்பதற்கான மடிப்பு ஃபோம் மேட்டைப் பையின் அடியில் குறுக்கே வைத்துப் பட்டையால் கட்டினேன். கைத்தடிகள் ஒரு பக்கம், நாற்காலி மறு பக்கம், தண்ணீர் பாட்டில்கள் இரண்டு பக்கப் பையிலும், டம்ளர் ஒன்று கொக்கியில் ஆடிக்கொண்டு. பார்க்கப் பழநி பாதயாத்திரைக்குப் போகிற கூட்டத்தின் தள்ளுவண்டி போல இருந்தேன். முதல் நாள் பிஷப் கணவாய் ஏறும்போது கனம் மட்டும்தான் தொல்லை. ஏறிவிட்டோம். "பார்த்தீங்களா மாமா, சும்மா பயந்தீங்க" என்றான்.

இரவும் மறுநாளும்

அன்று இரவு டூசி பேசினில் பாட்டில் தண்ணீர் மேலாக உறைந்தது. காலையில் எழுந்து பார்த்தால் தண்ணீர் வடிகட்டி டென்ட்டுக்கு வெளியே, பாறைமேல், நாங்கள் வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே ஈரம், அந்த ஈரம் பனிக்கட்டி.

இந்த வகை வடிகட்டிக்குள் மெல்லிய குழாய் நூல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றின் சுவரிலும் கிருமி நுழைய முடியாத நுண்துளைகள். ஒருமுறை நனைந்த பிறகு உறைந்தால் உள்ளே இருக்கும் நீர் விரிந்து அந்த நூல்களை உடைத்துவிடும். உடைந்தால் தண்ணீர் வழக்கத்தை விட வேகமாகவே வரக்கூடும். வெளியே பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. உடைந்ததா இல்லையா என்று தெரியாத வடிகட்டி, இல்லாத வடிகட்டிக்குச் சமம். படுக்கும்போது அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டிருந்தால் போதும், 85 கிராம் சாமான்.

குளோரின் மாத்திரை கொண்டுபோகவில்லை. வாசனை பிடிக்காது என்று வேண்டாம் என்றவன் நான்தான். ஆகவே காய்ச்ச வேண்டியதாயிற்று. ஆளுக்கு இரண்டரை லிட்டர், சமையலுக்குத் தனி. முக்கால் லிட்டர் பாத்திரம், காற்றில் அலையும் சிறு அடுப்பு. காய்ச்சி, ஆறவைத்து, பாட்டிலில் ஊற்றி, பையைத் தோளில் போட்டபோது மணி பதினொன்று. நாப்சாக் கணவாயின் அடிவாரத்துக்கு ஒன்றரை மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். வழியில் மூன்று ஏரியைத் தாண்டினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரைச் சுமந்துகொண்டு தண்ணீரைக் கடந்தோம்.

பாறைக்குவியலில் கனத்தின் குணமே மாறுகிறது. பக்கப் பையில் இருந்த லிட்டர் பாட்டில் நான் குனியும்போதெல்லாம் என்னை ஒரு பக்கம் இழுத்தது. கைத்தடிகளின் முனை பாறை இடுக்கில் மாட்டியது. இரண்டு தடவை பையைக் கழற்றி நாற்காலியை வேறு பக்கம் மாற்றினேன். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். எங்களுக்கு வழியே இல்லை, கனம் மட்டும் இருந்தது.

கணவாயைத் தாண்டிப் பாலிசேட் பக்கம் இறங்கினோம். நெஞ்சு உயரப் பாறை ஒன்றிலிருந்து அடுத்ததில் இறங்க வேண்டும். உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, வழுக்கி இறங்குவதுதான் முறை. உட்கார்ந்தேன். பையின் அடியில் குறுக்கே கட்டியிருந்த மேட் எனக்கு முன்னால் பாறையில் உட்கார்ந்தது. நான் நகர்ந்தபோது அது நகரவில்லை. ஸ்பிரிங் போல அமுங்கி, என்னை முன்னால் தள்ளியது. நான்கடி விழுந்தேன். இடது கை இரண்டு பாறைக்கு நடுவே போயிற்று.

அந்த மேட்டின் எடை 400 கிராம். என் அட்டவணையில் அது நல்ல பொருள், இலேசானது, பச்சை நிறம் போட்டு வைத்திருந்தேன்.

முதலுதவிப் பை எங்கே என்றான். அடியில். கரடி டப்பாவுக்கும் கீழே, ஸ்லீப்பிங் பேக்குக்குப் பக்கத்தில். அவசரத்துக்கு மட்டும் தேவைப்படுவது, ஆகவே அடியில் இருக்கலாம் என்று வைத்திருந்தேன். எழுதும்போது எவ்வளவு முட்டாள்தனம் என்று தெரிகிறது, கட்டும்போது தெரியவில்லை. பையை முழுக்கக் காலி செய்ய வேண்டியிருந்தது, அதுவும் சரிந்த பாறைமேல். அப்படிக் காலி செய்ததில் சாக்ஸ் இருந்த சிறு பை உருண்டு இடுக்கில் விழுந்து கண்ணுக்கே தெரியாமல் போயிற்று. மணிக்கட்டை முக்கோணத் துணியால் கட்டி, அன்று இரவு கிடைத்த மணல் திட்டில் டென்ட் போட்டு, மறுநாள் வந்த வழியே திரும்பினோம். என் பையில் பாதியை மச்சினன் சுமந்தான். ஊருக்கு வந்து எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு முறியவில்லை, தசைநார் சுளுக்கு. ஆறு வாரம் கட்டு.

எது தப்பு

வந்ததும் எல்லாரும் சொன்னது ஒன்றே: கனம் அதிகம். நானும் நம்பினேன். சில மாதம் இலேசான சாமான்களைத் தேடுவதிலேயே போயிற்று.

ஒரு நாள் சும்மா உட்கார்ந்து அன்றைய தினத்தை மணிவாரியாக எழுதிப் பார்த்தேன். இரவு, வடிகட்டி எங்கே இருந்தது? காலை, மாத்திரை ஏன் இல்லை? பதினொரு மணி, ஏன் தாமதம்? மூன்றரை, முதுகில் எது எங்கே இருந்தது? மூன்றே முக்கால், கட்டுத்துணி எங்கே? இந்த ஐந்து கேள்வியில் ஒன்றுக்குக் கூட கிராம் பதில் சொல்லவில்லை. இரண்டு கிலோ குறைவாகச் சுமந்திருந்தாலும் அந்த மேட் அங்கேயேதான் இருந்திருக்கும், நானும் அப்படியேதான் விழுந்திருப்பேன். களைப்பு குறைந்திருக்கலாம், ஆனால் களைப்பின் பெரும் பகுதி பதினொரு மணிக்குக் கிளம்பியதால் வந்தது.

எடைப் பட்டியல் போட்ட எங்களிடம் நேரப் பட்டியல் இல்லை. ஒவ்வொரு பொருளையும் எப்போது, எந்த நிலையில், எந்தக் கையால் எடுக்கப் போகிறோம் என்பது. பாதையில் இது பெரிய விஷயமில்லை, எங்கே வேண்டுமானாலும் பையை இறக்கி வைக்கலாம். பாறைக்குவியலில் பையை இறக்க ஓர் இடம் கிடைப்பதே அதிர்ஷ்டம்.

எடையைக் குறைப்பது வீண் என்று சொல்ல வரவில்லை. குறைத்தோம், நிறையவே. ஆனால் அதைச் செய்ததற்கு முக்கியக் காரணம் வேறு: கொள்ளளவு குறைந்தால்தான் எல்லாமே பைக்குள் போகும். பைக்குள் போனால்தான் வெளியே எதுவும் தொங்காது.

இரண்டாவது மூட்டை

இரண்டு வருடம் கழித்து அதே சவுத் லேக். இந்த முறை 13.7 கிலோ: சாமான் 9.1, சாப்பாடு 3.6, தண்ணீர் ஒரு லிட்டர். நாற்காலியும் கேமராவும் வீட்டில். புதுப் பை 1.4 கிலோ. ஸ்லீப்பிங் பேக்குக்குப் பதில் ஜிப் இல்லாத இறகுப் போர்வை, 850 கிராம். பாத்திரம் ஒன்றே ஒன்று. துணியில் நடக்க ஒரு ஜோடி, தூங்க ஒரு ஜோடி, சாக்ஸ் மட்டும் மூன்று.

பையை அடுக்கியது இப்படி. முதலில் தடிமனான ஒரு பெரிய குப்பைப் பையை உள்ளே விரித்தோம். மழை உறையைப் பாறை கிழித்துவிடும், காற்று பிடுங்கிவிடும், உள்ளே விரிக்கும் பைக்கு அந்தத் தொல்லை இல்லை. அடியில் போர்வை. அதன்மேல் கரடி டப்பா, செங்குத்தாக, முதுகோடு ஒட்டி. உருளையான சாமான், முதுகில் உருளும். அதனால் சுற்றிலும் துணியைத் திணித்தோம். பாதையில் நடக்கும்போது கனத்தைத் தோள் உயரத்துக்குக் கொண்டுவந்தால் சுகமாக இருக்கும். ஆனால் பாறையில் தாவும்போது மேலே இருக்கும் கனம் ஆளைச் சுழற்றும், கொஞ்சம் கீழே, இடுப்புக்குச் சற்று மேலே இருந்தால் உடம்போடு வரும். இதை வீட்டு மாடிப்படியில் இரண்டு மாதிரியும் கட்டி, ஏறி இறங்கி, உட்கார்ந்து எழுந்து பார்த்துத்தான் முடிவு செய்தோம். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே மழைச்சட்டை, இறகு ஜாக்கெட். பையின் மேல்மூடியில் உள்ள சிறு பையில் முதலுதவி, அதற்கு மேல் எதுவும் இல்லை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி பையில் இல்லை, தோள் பட்டையில். விழுந்து பை ஒரு பக்கம் ஆள் ஒரு பக்கம் ஆனாலும் கைக்கு எட்ட வேண்டும் என்பது மச்சினன் யோசனை. இடுப்புப் பட்டைப் பையில் வடிகட்டியும் குளோரின் மாத்திரையும் கடலை மிட்டாயும். காற்றடைக்கும் மேட் சுருட்டி உள்ளே. கைத்தடி மூன்றாக மடிகிற வகை, பாறை வந்ததும் அதுவும் உள்ளே. கையில் மாட்டும் அதன் பட்டைகளைக் கத்தரித்தே எறிந்துவிட்டேன். இடுக்கில் தடி மாட்டினால் கை தடியோடு போகக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கரடி டப்பா என்பது எடைப் பிரச்சினை இல்லை, இடப் பிரச்சினை.

அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். பச்சரிசியைப் போட்டால் கேஸ் தீரும், அரிசி வேகாது. பருப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். வேகத் தேவையில்லாத, ஊறினால் போதும் என்கிற உணவு வேண்டும். நம் சமையலறையில் அதற்கு முதல் பெயர் அவல். முதல் பயணத்தில் அவலைத்தான் நம்பிப் போனோம். அவல் இலேசு, உண்மைதான். ஆனால் இடத்தை அடைத்துக்கொள்கிற பொருள். தட்டையான அந்தச் செதில்களுக்கு நடுவே முழுக்கக் காற்று. இரண்டு நாள் அவல் போட்டதும் டப்பாவில் பாதி போய்விட்டது.

இரண்டாவது முறை ரவை. நெய்யில் வறுத்து, கடுகு, உளுந்து, மிளகாய், முந்திரி தாளித்து, உப்பும் போட்டு, ஆறியதும் ஒருவேளைக்கு ஒன்றாக ஜிப் பையில். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடினால் பத்து நிமிடத்தில் உப்புமா. அதே எடை அவல் பிடிக்கும் இடத்தில் பாதிகூட வேண்டாம். சோற்றை முந்தின வாரமே வடித்து, ஓவனில் குறைந்த சூட்டில் ஒரு பகல் முழுக்கக் காயவைத்து, கலகலவென்று ஆனதும் எடுத்து வைத்தேன். ரசப்பொடி, பருப்புப் பொடி, நெய் தனியாகச் சிறு பாட்டிலில். நெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி, டப்பாவுக்குள் நெய்யை விடச் சிக்கனமான சாமான் கிடையாது. காலைக்கு சத்துமாவு. நடுவில் வேர்க்கடலை, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். ஒரு நாளைக்கு ஆளுக்கு 650 கிராம். முதல் தடவை 900 எடுத்துப் போனோம், பயத்தில். பசி வந்துவிடுமோ என்ற பயம் எங்கள் வீட்டுப் பயணங்களில் பரம்பரையாக வருவது, ரயிலில் ஒரு ராத்திரி போவதற்குப் பதினைந்து சப்பாத்தி கட்டுகிற குடும்பம்.

இவ்வளவு செய்தும் முதல் நாள் மூடி மூடவில்லை. மறந்தது என்னவென்றால், வாசனை உள்ள எல்லாமே இரவில் டப்பாவுக்குள் போக வேண்டும்: பற்பசை, சன்ஸ்கிரீன், உதட்டுக் களிம்பு, குப்பைப் பை கூட. முதல் நாள் சாப்பாடு இரவுக்குள் வயிற்றுக்குப் போய்விடும், அது டப்பாவில் இருக்கத் தேவையில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அதை எடுத்து மேலே வைத்ததும் மூடி சொடுக்கென்று மூடியது.

எரிபொருளுக்கு 230 கிராம் கேஸ் டப்பா ஒன்று, இரண்டு பேருக்கும் சேர்த்து. அரை லிட்டர் கொதிக்க ஏறக்குறைய 8 கிராம். நாளைக்கு இரண்டரை லிட்டர் என்றால் 40 கிராம், ஐந்து இரவுக்கு 200. அந்த உயரத்தில் விறகு மூட்டக் கூடாது என்பது விதி, மூட்டலாம் என்றாலும் விறகு கிடையாது.

இரண்டாவது பயணம்

இரண்டாம் நாள் டூசி பேசினிலிருந்து காலை ஏழரைக்குக் கிளம்பினோம், வடிகட்டி என் காலடியில் போர்வைக்குள் தூங்கி எழுந்திருந்தது. நாப்சாக் கணவாயைப் பத்தரைக்குத் தாண்டினோம். நான் விழுந்த பாறையைத் தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாப் பாறையும் அதுபோலவே இருந்தது. சாக்ஸ் பையும் கிடைக்கவில்லை. உட்கார்ந்து இறங்கும்போது பையின் அடி தட்டையாக, மென்மையாக என்னோடு வழுக்கியது. அந்த ஒரு உணர்வுக்காகவே இரண்டு வருட வேலையும் தகும் என்று தோன்றியது.

பாட்லக் கணவாயில் ஏறுவது சுகம், சாய்ந்த கிரானைட் தளம். இறங்குவதுதான் சரளை. ஒவ்வோர் அடிக்கும் கால் அரையடி வழுக்குகிறது. கணுக்காலுக்கு உறை போட்டிருந்ததால் ஷூவுக்குள் கல் போகவில்லை. மச்சினன் 70 கிராமை மிச்சம் பிடிக்கிறேன் என்று உறையை விட்டு வந்திருந்தான், கீழே வந்து ஷூவைக் கவிழ்த்தபோது ஒரு கைப்பிடி விழுந்தது.

சர்க் கணவாயின் தெற்குச் சரிவு வரைபடத்தில் சாதுவாகத் தெரியும். அமெரிக்க நில அளவைத் துறையின் அந்தப் பகுதி வரைபடங்களில் சமஉயரக் கோடுகளுக்கு இடையே 40 அடி. அதாவது முப்பதடிச் செங்குத்து ஒன்று இரண்டு கோட்டுக்கு நடுவில் சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளலாம். ஒளிந்துகொண்டுதான் இருந்தது. ஒரு விளிம்பில் இறங்கி, அது முடிந்துபோய், மேலே ஏறி, வேறு விளிம்பு, மறுபடி. மூன்றாவது விளிம்பில் எட்டடி இறக்கம் ஒன்று. பையோடு இறங்கியிருந்தால் முதல் பயணத்தின் இரண்டாம் பாகம் நடந்திருக்கும். பத்து மீட்டர் மெல்லிய கயிறு கொண்டுபோயிருந்தோம், 200 கிராம். வீட்டில் கடைசி வரை வேண்டுமா வேண்டாமா என்று இழுபறி. பைகளைக் கயிற்றில் இறக்கி, வெறும் உடம்போடு இறங்கினோம். அரை மணியில் வேலை முடிந்தது.

எல்லாம் சரியாக நடந்ததா என்றால் இல்லை. மூன்று குறை.

ஒன்று, கையுறை. குளிருக்கான கம்பளிக் கையுறை இருந்தது, பாறைக்கானது இல்லை. சியரா கிரானைட் உப்புத்தாள் போன்றது. மூன்றாம் நாள் மாலை விரல் நுனிகளில் தோல் இல்லை. ஜிப் பையைத் திறக்கவே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. காலைப் போலவே கையும் வேலை செய்யும் என்று அவ்வளவு யோசித்தவன், காலுக்கு ஷூ வாங்கினேன், கைக்கு ஒன்றும் வாங்கவில்லை.

இரண்டு, மாலை நேரம். 11,672 ஏரியில் சூரியன் முகட்டுக்குப் பின்னால் போனதும் விளக்கை அணைத்தது போலக் குளிர் விழுந்தது. தூங்குவதற்கான சூடு கணக்கில் இருந்தது, உட்கார்ந்திருப்பதற்கான சூடு இல்லை. தடித்த கால்சட்டையை எடை பார்த்து விட்டிருந்தேன். ஆறு மணிக்கே டென்ட்டுக்குள் படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டு, அவனுடைய அலுவலகக் கதை முழுவதையும் கேட்டேன்.

மூன்று, காற்று மேட். அதே இரவு ஓட்டை. நடுச்சாமத்தில் இடுப்பு தரையில் தட்டியது. பழைய ஃபோம் மேட்டிலிருந்து வெட்டிய ஒரு துண்டை உட்கார்வதற்காகப் பையின் முதுகுப் பக்கம் தட்டையாகச் செருகியிருந்தோம். அதை இடுப்புக்கு அடியில் போட்டு விடிய வைத்தேன். காலையில் மேட்டை ஏரியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைப் பார்த்தோம், குண்டூசி முனை அளவு. காயவைத்து ஒட்டுத்துண்டு போட்டதும் கடைசி வரை தாங்கியது. ஃபோம் மேட்டில் ஓட்டை விழாது. இதை மச்சினன் இரண்டு தடவை சொன்னான்.

கீழ்ப் பாலிசேட் ஏரியில் பாதையைத் தொட்டபோது வினோதமாக இருந்தது, கால் தானாகவே போயிற்று. அங்கிருந்து தங்கப் படிக்கட்டு என்று சொல்கிற பகுதி வழியாக இறங்கினோம். ஜான் மியூர் பாதையில் கடைசியாகக் கட்டி முடிக்கப்பட்டது அதுதான், 1938-இல். செங்குத்துப் பாறையில் கல் கல்லாக அடுக்கிய வளைவுகள். இரண்டு நாள் பாதையில்லாமல் நடந்துவிட்டு வந்தால்தான் அந்தக் கல்லை அடுக்கியவர்களின் அருமை தெரியும். லெகான்ட் பள்ளத்தாக்கிலிருந்து டூசி பேசினுக்கு ஏறும் வழி நீளமான ஏற்றம், வெயிலும் அதிகம். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை, ஏறினோம்.

வீட்டுக்கு வந்து

பையைப் பிரிக்குமுன் எல்லாவற்றையும் மறுபடி தராசில் வைத்தோம். கேஸ் டப்பாவில் 31 கிராம் மிச்சம். கணக்குப்படி 30 இருந்திருக்க வேண்டும், அந்த ஒரு கிராமுக்காக நான் அடைந்த பெருமையை மனைவி ரசிக்கவில்லை. சாப்பாட்டில் ஆளுக்குச் சுமார் 400 கிராம் திரும்பி வந்தது, பெரும்பாலும் சத்துமாவு. ஐந்தாம் நாள் அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தொடாமல் வந்தவை: மழைச்சட்டை, குளோரின் மாத்திரை, முதலுதவியில் பிளாஸ்டரைத் தவிர மற்ற எல்லாம். இந்த மூன்றும் அடுத்த தடவையும் வரும்.

அட்டவணை இப்போது மாறியிருக்கிறது. கிராமுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் கூடியிருக்கிறது: எப்போது எடுப்போம், பையில் எங்கே. தோல் வேலைக் கையுறை, 60 கிராம், இடுப்புப் பட்டைப் பை, காலை முதல். தடித்த கால்சட்டை, 250 கிராம், மூடிக்கு அடியில், மாலை ஐந்து. மச்சினனின் பட்டியலில் கணுக்கால் உறை சேர்ந்திருக்கிறது, எதிரே 'மாமா சொன்னது' என்று எழுதி வைத்திருக்கிறான். மேட் விஷயம் மட்டும் இன்னும் தீரவில்லை. அவன் ஃபோம் மேட்டை நான்காக வெட்டி உள்ளே அடுக்கலாம் என்கிறான். நான் டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன், கரடி டப்பாவுக்கும் பையின் சுவருக்கும் நடுவில் அரை அங்குலம் இடிக்கிறது.